சிகிச்சைக்குப் போனவர் ஏன் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்குத் தீவிலும், கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை வட்டாரத்திலும் போதைச் சிகிச்சைக் கவுன்சலராக நான் வேலை பார்க்கத் தொடங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. கோயில் மண்டபக் கூட்டமாக இருந்தாலும் சரி, கிளினிக் வராந்தாவாக இருந்தாலும் சரி, என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அம்மாக்கள், சிகிச்சைக்கு வருபவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கவுன்சலர்கள் என்று பலரும் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன். சிகிச்சைக்கு வருபவரின் ஈடுபாடு, அவருக்குக் கிடைக்கும் கவுன்சலர், அந்தக் கவுன்சலரின் வேலையிடச் சூழல், இந்த மூன்றையும் சுற்றித்தான் எல்லாக் கேள்வியும். ‘போதைப் பித்தர்’ என்று நம் பத்திரிகைகள் இன்னும் எழுதுகின்றன. இதற்குப் பிறகு அந்தச் சொல் இங்கே வராது.

“சென்டரில் சேர்த்துவிட்டோம். இனி எல்லாம் அவன் கையில்தானே இருக்கிறது?”

அவர் கையிலும் இருக்கிறது. அவர் எதிரில் உட்காரும் கவுன்சலர் கையிலும் இருக்கிறது. அந்தக் கவுன்சலரை நடத்துகிற அலுவலகத்தின் கையிலும் இருக்கிறது. நான் பார்த்தவரை, விட்டுப் போகிறவர்களில் பலர் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் “ஆசை தாங்கவில்லை” என்று மட்டும் சொல்வதில்லை. “நாலு தடவை போனேன் அக்கா, நாலு தடவையும் வேற வேற ஆள். ஒவ்வொருத்தர்கிட்டயும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது” என்கிறார்கள். “கவுண்டரில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள், பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருக்காரர் உட்கார்ந்திருந்தார்” என்கிறார்கள்.

மன உறுதி வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த அறைக்குள்தான்.

“ஈடுபாடு, ஈடுபாடு என்கிறீர்களே. ஒழுங்காக வந்து போனால் போதாதா?”

போதாது. அமெரிக்காவில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் டுவைன் சிம்சனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் போதைச் சிகிச்சையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். ஈடுபாட்டை அவர்கள் மூன்றாகப் பிரித்து அளந்தார்கள்: கவுன்சலர்மேல் இருக்கும் நம்பிக்கை, சிகிச்சையில் எவ்வளவு பங்கெடுக்கிறார் என்பது, கிடைக்கும் சிகிச்சை தனக்கு உதவுகிறது என்ற திருப்தி. இதற்கும் முன்பே, 1979இல், எட்வர்ட் போர்டின் என்பவர் வேறு விதமாகச் சொன்னார். இருவருக்கும் இடையில் ஒட்டுதல் வேண்டும், எங்கே போகிறோம் என்பதில் ஒப்புதல் வேண்டும், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதிலும் ஒப்புதல் வேண்டும்.

என்னிடம் ஒருவர் ஐந்து மாதம் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். குடையை மடித்து நாற்காலிக்குக் கீழே வைப்பார், நான் சொல்வதற்கெல்லாம் “ஓகே அக்கா” என்பார், ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். ஐந்து மாதமும் அவர் போதைமருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அதே காலத்தில் இன்னொருவர் எப்போதும் தாமதமாக வருவார், என்னோடு வாதம் செய்வார், ஒரு முறை கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார். ஆனால் எடுத்த நாளன்று எடுத்தேன் என்று சொல்லிவிடுவார். அவரோடுதான் எனக்கு வேலை செய்ய முடிந்தது. முதல் ஆளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நானும் அன்று ஏமாந்தேன்.

“எத்தனை நாள் இருந்தால் பலன் தெரியும்?”

1991 முதல் 1993 வரை அமெரிக்காவில் 11 நகரங்களில் சுமார் 10,000 பேரைச் சேர்த்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் வந்துபோகிறவர்களுக்கும் 90 நாள் என்பது ஒரு படியாகத் தெரிந்தது. ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் தரும் மாற்று மருந்தான மெத்தடோன் எடுப்பவர்களுக்கு ஓர் ஆண்டு. அதற்கு முன்பே போகிறவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. 91ஆம் நாள் எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முதல் மூன்று மாதம் அவரை நிற்க வைப்பது யார் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் மிச்சம் உள்ள பதில்களெல்லாம் அதைப் பற்றித்தான்.

“மெத்தடோன் குடிப்பதும் இன்னொரு போதைதானே? அதோடு கவுன்சலர் வேறு எதற்கு?”

ஹெராயின் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் ஒரு நாளில் பல தடவை தேடி ஓட வேண்டும். சரியான அளவு மெத்தடோன் ஒரு நாள் முழுக்கத் தாங்கும், ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்கும். மலேசியாவில் இது 2005இல் தொடங்கியது. காலையில் கவுண்டரில் பார்த்திருப்பீர்கள். சிறு கப்பில் ஊற்றித் தருவார்கள், அங்கேயே குடிக்க வேண்டும், விழுங்கிவிட்டது தெரிவதற்காக, மேலே கொஞ்சம் தண்ணீர் குடித்து ஒரு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். பிறகு அவர் வேலைக்குப் போகலாம், மோட்டாரில் பிள்ளையைப் பள்ளியில் விடலாம்.

மருந்து உடம்பை அமைதிப்படுத்துகிறது. கடன், மனைவியோடு பேச்சு இல்லாமை, பழைய கூட்டாளி, தூக்கம் இல்லாமை, இதெல்லாம் அப்படியேதான் இருக்கும். 1993இல் பிலடெல்பியாவில் 92 முன்னாள் ராணுவ வீரர்களை வைத்து தாமஸ் மெக்லெல்லன் குழு ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. வெறும் மெத்தடோன் ஒரு பிரிவினருக்கு, மெத்தடோனும் கவுன்சலிங்கும் இரண்டாவது பிரிவினருக்கு, அதற்கும் மேலே மருத்துவம், வேலை, குடும்ப உதவிகள் சேர்த்து மூன்றாவது பிரிவினருக்கு. வெறும் மருந்து வாங்கிய பிரிவில் பெரும்பாலானோரின் நிலைமை மோசமாகி, அவர்களைப் பாதியிலேயே எடுத்து வேறு சிகிச்சைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கவுன்சலிங் சேர்ந்தபோது முன்னேற்றம் தெரிந்தது, உதவிகளும் சேர்ந்தபோது இன்னும் கூடியது.

இப்போது இங்கே அதிகம் ஓடுவது ஐஸ், சியாபு என்று சொல்லப்படும் மெத்தாம்பெட்டமைன். அதற்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து கிடையாது. ஆகவே பேச்சும் பழக்கவழக்க மாற்றமும்தான் முதன்மைச் சிகிச்சை. கவுன்சலர் சரியில்லை என்றால் அங்கே சிகிச்சையே இல்லை.

“எல்லாக் கவுன்சலரும் ஒரே படிப்புதானே? யாராக இருந்தால் என்ன?”

மெக்லெல்லனின் இன்னொரு ஆய்வு 1988இல் வந்தது. ஒரு மெத்தடோன் மையத்தில் இரண்டு கவுன்சலர்கள் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களிடம் இருந்த 62 பேரை, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், மிச்சம் இருந்த நாலு கவுன்சலர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதே கட்டிடம், அதே மருந்து, அதே விதிகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு கவுன்சலரிடம் போனவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். இன்னொருவரிடம் போனவர்கள் முன்பைவிட மோசமாக இருந்தார்கள். நாலு பேரின் குறிப்புகளையும் எடுத்துப் படித்தபோது, நன்றாகச் செய்தவர் ஒழுங்காக எழுதி, முன்கூட்டியே யோசித்து, விதிகளை ஒரே மாதிரி கடைப்பிடித்தது தெரிந்தது.

அதற்கு முன்பு 1980இல் வில்லியம் மில்லர் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையில் பார்த்ததும் இதேதான். கவுன்சலர் எவ்வளவு பரிவோடு காது கொடுத்துக் கேட்டார் என்பதை வைத்தே, ஆறு மாதம் கழித்து யார் எப்படி இருப்பார்கள் என்பதில் பெரும்பகுதியைச் சொல்ல முடிந்தது. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி கவுன்சலர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பேசுவதை ரகசியமாக வைக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் சான்றிதழ் காது கொடுத்துக் கேட்காது, மனிதர்தான் கேட்க வேண்டும்.

“கண்டிப்பாகப் பேசினால்தானே திருந்துவான்? செல்லம் கொடுத்தால் தலையில் ஏறிவிடுவான்.”

இந்தக் கேள்வியை அப்பாக்கள் கேட்கிறார்கள். பழைய கவுன்சலர்களும் கேட்கிறார்கள். 1993இல் மில்லர் குழு செய்த ஆய்வில், கவுன்சலர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து மடக்கிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆள் ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். மடக்கினால் மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். அப்போது அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் விடாமல் இருப்பதற்கான காரணங்கள்.

விதியில் கண்டிப்பு வேறு, ஆளை அவமானப்படுத்துவது வேறு. “போதையில் வந்தால் இன்று கூட்டத்தில் உட்கார முடியாது, நாளைக்குக் காலையில் வாங்க, உங்களுக்காக இருப்பேன்” என்பது கண்டிப்பு. “உன்னை நம்பி உன் அம்மா நகையை அடகு வைத்தாங்களே, வெட்கமா இல்ல?” என்பது அவமானம். அந்த வெட்கம் அவரிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை மறக்கத்தான் பாதி நாள் போதைமருந்து எடுக்கிறார்.

“தானே அடிமையாக இருந்து மீண்டவர்தான் நல்ல கவுன்சலரா?”

அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மீண்டு வந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மீண்டவர் ஒருவர் அறையில் இருப்பதே புதிதாக வருபவருக்கு நம்பிக்கை தரும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “நான் விட்ட மாதிரிதான் நீயும் விட வேண்டும்” என்று அவர் பிடிவாதம் பிடித்தால் மட்டும் சிக்கல்.

“தமிழ் பேசுகிற கவுன்சலர் இல்லை. மலாயில் மனம் விட்டுப் பேச முடியுமா?”

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் மலாயிலேயே புழங்கிய இளைஞர்களுக்கு அது தடையாக இருப்பதில்லை. தோட்டத்தில் வளர்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு வேறு மாதிரி. அப்பா அடித்தது, அண்ணன் தூக்கில் தொங்கியது, இதையெல்லாம் அவர் தமிழில்தான் பட்டார். மலாயில் கேட்டால் “பியாசா” (வழக்கம்போலத்தான்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தமிழ்க் கவுன்சலர் வேண்டும் என்று கேளுங்கள், வேறு கிளையில் இருந்தாலும் மாதம் ஒரு முறையாவது ஏற்பாடு செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆனால் சாதி கேட்கிற, ஊரில் போய்ச் சொல்லிவிடுகிற தமிழரைவிட, பொறுமையாகக் கேட்கிற மலாய்க்காரரோ சீனரோ நூறு மடங்கு நல்லது.

“வேலையிடச் சூழல் என்றால் என்ன, ஏர்கான் இருப்பதா?”

ஏர்கானும் சேர்த்திதான். மேலே சொன்ன டெக்சஸ் குழு இதற்கு ஒரு கேள்வித்தாளே வைத்திருக்கிறது. அறை, ஆள் பலம், பயிற்சி, கருவிகள் போன்ற வசதிகளை அது முதலில் கேட்கும். பிறகு சூழலைப் பற்றி ஆறு விஷயங்கள்: இந்த மையம் எதற்காக இருக்கிறது என்பது ஊழியர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிறார்களா, தன் வேலையில் தானே முடிவெடுக்க இடம் இருக்கிறதா, மேலிருப்பவர் காது கொடுக்கிறாரா, அழுத்தம் எவ்வளவு, புது முறைகளை முயன்று பார்க்க விடுகிறார்களா. 2007இல் வெளிவந்த ஆய்வில் 163 சிகிச்சை மையங்களில் ஊழியர்களிடம் இதைக் கேட்டார்கள். சிகிச்சைக்கு வருபவர்களிடம் ஈடுபாட்டைப் பற்றித் தனியாகக் கேட்டார்கள். ஊழியர்கள் தங்கள் இடத்தைப் பற்றி நல்லபடி சொன்ன மையங்களில், வருபவர்களின் ஈடுபாடும் கூடுதலாக இருந்தது.

எனக்கு இது ஒரு கதவில் புரிந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கவுன்சலிங் அறை என்பது பழைய ஸ்டோரைப் பலகை வைத்துத் தடுத்த இடம். பலகை கூரை வரை எட்டாது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, காற்றடித்தால் திறந்துகொள்ளும். என்னிடம் வந்த ஒருவர் பேசும்போதெல்லாம் இடது காலை நீட்டிக் கதவை அழுத்திப் பிடித்திருப்பார். கண் என்மேல் இருக்கும், காது வெளியே இருக்கும். தாழ்ப்பாள் வேண்டும் என்று 11 மாதம் கேட்டேன். பட்ஜெட் வரட்டும் என்றார்கள். கடைசியில் ஹார்ட்வேர் கடையில் ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி நானே பொருத்தினேன். அடுத்த வாரம் அவர் வந்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார், போட்டார், காலை மடக்கி உட்கார்ந்தார். தம்பி இறந்ததை முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.

அந்த 11 மாதம் எனக்குள்ளும் ஒன்று நடந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆறு வெள்ளி விஷயத்தில் என் பேச்சு எடுபடாத இடத்தில், “உங்கள் வாழ்க்கையை உங்களால் மாற்ற முடியும்” என்று இன்னொருவரிடம் சொல்லும்போது என் குரலே எனக்கு ஒப்பவில்லை. வருபவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

“வெளியாள் எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யாரைக் கேட்பது?”

சேர்ப்பதற்கு முன் அரை மணி நேரம் அங்கே சும்மா உட்காருங்கள். கவுண்டரில் இருப்பவர் ஆட்களைச் சத்தம் போடாமல் மரியாதையாகக் கூப்பிடுகிறாரா, “டே” போடுகிறாரா? ஊழியர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? காவலாளி சிரிக்கிறாரா? ஊழியர்களை மட்டமாக நடத்துகிற இடத்தில், அந்தக் கோபம் படியிறங்கி வந்து சிகிச்சைக்கு வருபவர் தலையில்தான் விழும்.

அப்புறம் மூன்று கேள்வி கேளுங்கள். என் மகனுக்கு ஒரே கவுன்சலர் இருப்பாரா? அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? அவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? மூன்றாவது கேள்விக்கு “எங்கள் சூப்பர்வைசரோடு வாராவாரம் உட்காருவோம்” என்று பதில் வந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

“ஊழியர்களின் கொள்கை எதுவாக இருந்தால் என்ன? மருந்து ஒன்றுதானே?”

மருந்தின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. சிட்னியில் ஜான் கேப்பிள்ஹார்ன் இதைத்தான் ஆராய்ந்தார். மெத்தடோனைச் சீக்கிரம் நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிற ஊழியர்கள் உள்ள கிளினிக்குகளில் ஆட்கள் குறைந்த காலமே நின்றார்கள். பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும். கூடுதல் அளவு கேட்பவரைப் பேராசைக்காரர் மாதிரி பார்க்கிற இடத்தில் 30, 40 என்றே வைத்திருப்பார்கள். மதியமே உடம்பு நோகத் தொடங்கும். அப்புறம் அவர் தெருவில் வாங்குவார், பழி அவர்மேல் வரும்.

“வருடத்துக்கு இரண்டு கவுன்சலர் மாறுகிறார்கள். ஏன் யாருமே நிற்பதில்லை?”

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஓராண்டில் கவுன்சலர்களில் மூன்றில் ஒருவர் வேலையை விட்டுப் போவதாக 2010இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. சம்பளம் குறைவு, கேஸ் அதிகம், பேப்பர் வேலை முடிவதில்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்து விலகியவர்கள் சம்பளத்தைவிட அதிகமாகச் சொன்னது, “யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்பதைத்தான்.

போகிறவர் போகத்தான் செய்வார். எப்படிப் போகிறார் என்பது மையத்தின் கையில் இருக்கிறது. பழைய கவுன்சலரும் புதியவரும் சேர்ந்து ஒரு முறையாவது அந்த ஆளோடு உட்கார வேண்டும். “தம்பி, இவங்கதான் இனிமேல், உங்க விஷயத்தை நீங்க சரி என்ற வரைக்கும் சொல்லியிருக்கேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை வந்து பார்த்து, கதவில் வேறு பெயர் இருந்தால், சின்ன வயதிலிருந்து ஆட்கள் விட்டுப்போய்ப் பழகிய ஒருவருக்கு அது இன்னொரு கைவிடுதல்.

“பூட்டி வைத்தால் வேறு வழியில்லாமல் ஈடுபாடு வந்துவிடாதா?”

போதைமருந்துக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு ஆண்டு மையத்தில், அதன்பின் இரண்டு ஆண்டு கண்காணிப்பில் என்பது நெடுங்காலம் நம் நாட்டு வழக்கமாக இருந்தது. அந்த மாதிரிக் கட்டாய மையங்களிலிருந்து வெளியே வந்தவர்களையும், தாமாக வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களையும் மலேசியாவிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டாய மையத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் 31 நாளுக்குள் மறுபடி ஹெராயின் வகைப் போதைமருந்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்களில் பாதிப்பேர் திரும்ப 352 நாள் ஆயிற்று. இந்த வித்தியாசத்தில் மெத்தடோனுக்குப் பெரிய பங்கு உண்டு, எல்லாம் கவுன்சலரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவைப் பூட்டியதால் ஈடுபாடு வரும் என்பதற்கு அந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

“தைப்பூச விரதத்துக்கு 48 நாள் சுத்தமாக இருக்கிறானே. அப்புறம் சிகிச்சை எதற்கு?”

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த 48 நாள் பொய் இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்த நாட்களில் அவருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது! ஒரு நோக்கம் இருக்கிறது, கூட இருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டில் மரியாதை இருக்கிறது, காலையில் எழுந்தால் செய்ய வேண்டியது இருக்கிறது. நல்ல சிகிச்சை மையமும் இதைத்தான் கொடுக்கப் பார்க்கிறது. ஆகவே விரதத்தைக் குறை சொல்லாமல், “49ஆம் நாள் என்ன செய்வீங்க?” என்று கேட்கிற கவுன்சலர் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஹெராயினை 48 நாள் விட்டவர் உடம்பு பழைய அளவைத் தாங்காது. விரதம் முடிந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். அதே மாதிரி, விரதத்துக்காக மெத்தடோனைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது மருந்து. டாக்டரிடம் கேளுங்கள்.

“சிறுநீர் சோதனையில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். இனி கவுன்சலர் அவனை நம்புவாரா?”

நல்ல கவுன்சலர் முதலில் தன்னைத்தான் கேட்டுக்கொள்வார்: உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று இவர் பயந்தார்? முடிவுச் சீட்டை மேசையில் போட்டு “இது என்ன?” என்று கேட்கும் இடத்தில் எல்லாரும் பொய்தான் சொல்வார்கள். சோதனை முடிவு யார் யாருக்குப் போகும், தவறினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

“நான் கவுன்சலர். 80 கேஸ் இருக்கிறது. போன மாதம் என் ஆள் ஒருவர் இறந்துவிட்டார், அழக்கூட நேரமில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?”

இல்லை தங்கச்சி. எனக்கு நடந்தது 2014இல். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்து, முகம் கழுவிக்கொண்டுதான் என் எதிரில் உட்காருவார். நெற்றியில் ஈரம் காய்ந்திருக்காது. செவ்வாய்க்கிழமை அவர் தங்கை போன் செய்து சொன்னாள். புதன்கிழமை காலை அவர் ஃபைலை மூடிக் கீழே அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு, அவருடைய நேரத்தில், புது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒரு நிமிடம் நிற்கும் வழக்கம் அங்கே இல்லாமல் போய்விட்டது. அந்தப் புது ஆளுக்கு மூன்று மாதம் நான் பாதிதான் கொடுத்தேன். அவரும் விலகிவிட்டார்.

வேலையில் மனம் தீய்ந்துபோவதை (பர்ன்அவுட்) உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று பகுதியாகச் சொன்னார். ஒன்று, ஆள் வற்றிப்போவது. இரண்டு, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் கேஸ் எண்ணாகத் தெரிவது. மூன்று, நான் செய்வதில் என்ன பிரயோசனம் என்று தோன்றுவது. இரண்டாவது வந்துவிட்டால் உடனே மேலே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இறுதிச் சடங்குக்குக் குடும்பம் கூப்பிட்டால் போய் வாருங்கள்.

“நான் மையத்தை நடத்துகிறேன். பணம் இல்லை. என்ன மாற்ற முடியும்?”

தாழ்ப்பாள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2003 முதல் மையங்களுக்கு ஓர் எளிய பயிற்சி கொடுத்து வந்தது: மேலாளரே சிகிச்சைக்கு வருபவர் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் மையத்துக்கு வெளியிலிருந்து போன் செய்யுங்கள். எத்தனை மணி அடித்தபின் எடுக்கிறார்கள்? முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் காக்க வைக்கிறார்கள்? எத்தனை பாரம், எத்தனை முறை ஒரே கேள்வி?

நேரத்தையும் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவரைக் காலை பத்துக்கு வரச்சொன்னால், வேலையா சிகிச்சையா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். வாரம் ஒரு மாலை திறந்து வையுங்கள். வராதவருக்கு அன்றே ஒரு வாட்ஸாப் போகட்டும், திட்டாமல். கவுன்சலர்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், எண்ணிக்கை கேட்பதற்கு அல்ல, யாரை நினைத்து அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று கேட்பதற்கு.

“நல்ல ஆட்கள் வருவதால் சூழல் நன்றாக இருக்கலாம் இல்லையா? நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களோ?”

நியாயமான கேள்வி, ஒரு எம்.ஏ. மாணவர் கேட்டது. 163 மையங்களின் ஆய்வு ஒரே காலத்தில் எடுத்த படம்தான், எது முதலில் வந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஓடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆட்கள் தேறினால் ஊழியர்களுக்கு உற்சாகம் வரும். ஆனால் 62 பேரைப் பிரித்துக் கொடுத்த அந்த 1988 ஆய்வில் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சலர்தான் மாறினார், முடிவும் மாறியது. அதனால்தான் அதை அவ்வளவு விரிவாக எழுதினேன்.

“மூன்று தடவை பாதியில் ஓடி வந்துவிட்டேன். மறுபடி போக வெட்கமாக இருக்கிறது. என்ன சொல்லுவாங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றாலே நீங்கள் ஏறக்குறைய வாசலில் நிற்கிறீர்கள், தம்பி. திரும்பி வருவது இந்த வேலையில் எங்களுக்குப் புதிதில்லை. முதல் முறை நின்றவர்களைவிட, திரும்பி வந்து நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். போன தடவை எதனால் எழுந்து போனீர்கள் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சலர் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வேறு கவுன்சலர் கேட்பது தப்பில்லை.

கூட்டம் குறைந்திருக்கும்போது போங்கள், பதினொரு மணிக்கு மேலே. ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கிளினிக் கார்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை. கவுண்டரில் யாராவது “மறுபடியுமா?” என்றால், “ஆமா, மறுபடியும்தான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். தனியாகப் போக முடியவில்லை என்றால் அக்காவையோ மாமாவையோ வாசல் வரைக்கும் வரச் சொல்லுங்கள்.